அரைக் கட்டை ஏறிய பாட்டு

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒரு இயந்திரம் இருக்கிறது. வட்டமாக வரும் கண்ணாடி வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பது அதன் வேலை. ஓடவிட்டால் 'ம்ம்ம்' என்று ஒரே சீராக ஒலிக்கும். கடையில் மற்றவர்களுக்கு அது இரைச்சல். அதை இயக்குகிறவருக்கு அது ஐந்து கட்டை.

கட்டை என்றால் ஹார்மோனியக் கட்டை. வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் ஐந்தாவதாக வருவது ஐந்து கட்டை. நடுவே இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரை அரையாகக் கூடும். சுரத்தைக் கேட்டதும் இது இத்தனை கட்டை என்று சொல்ல நமக்கெல்லாம் ஒரு வாத்தியம் வேண்டும். அவருக்கு வேண்டாம். காதே போதும். லிஃப்ட் மணி இரண்டரை என்பார். எதிர்வீட்டுக் கதவுக் கீல் நாலு என்பார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, "ஆறு கட்டை ஹாரன்காரன் வர்றான், தள்ளி நில்லு" என்று மனைவியை இழுப்பார். பேருந்து அதன்பிறகுதான் கண்ணில் படும்.

ஆலயச் சபையில் அவருக்குச் சுருதிப்பெட்டி என்று பெயர் விழுந்தது இப்படித்தான். வயது ஐம்பத்தாறு. பாடகர் குழுவில் முப்பது வருடமாக டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடுகிறார்.

அவருக்குச் சினிமா இல்லை, சீட்டாட்டம் இல்லை, பந்து விளையாட்டு பார்க்கும் வழக்கமும் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டபின், குழு பாடியதைப் பதிவு செய்து வைத்திருக்கும் சின்னக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்வார். ஒரே பாட்டை நான்கு தடவை கேட்பார். முதல் தடவை பெண்களின் மேல்குரலான சொப்ரானோவை மட்டும் கவனிப்பார், இரண்டாம் தடவை அவர்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவை, அடுத்தது டெனரை, கடைசியில் ஆண்களின் அடிக்குரலான பேஸை. ஐந்தாம் தடவை குறட்டை. தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வந்தால்கூட அந்த மெட்டுக்கு ஒரு துணைக்குரல் போட்டு, முடிவில் நீட்டி ஒரு 'ஆமென்' பாடிவிடுவார்.

"ஏங்க, சோப்புக்கெல்லாம் ஆமென் போடாதீங்க. கர்த்தர் குழம்பிடப் போறாரு" என்பாள் மனைவி.

வீட்டில் இன்னொரு விளையாட்டும் உண்டு. டம்ளர் விளையாட்டு. மருந்துக் கடையில் வேலை பார்க்கும், குழுவிலும் பாடும் மகள், கண்ணாடி டம்ளர்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் தட்டுவாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டை சொல்வார். மகள் கைபேசியில் சுருதி காட்டும் செயலியைப் பார்த்து, சரியா தப்பா என்பாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே நடக்கிற ஆட்டம். "சரி" என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் அவர் கேட்டது அபூர்வம்.

ஆனால் இவையெல்லாம் பொழுதுபோக்கு. பெருமை வேறு இடத்தில் இருந்தது. பாடகர் குழு தனியாகப் பாடும் பாட்டில் முதல் அடி வாத்தியம் இல்லாமல் தொடங்கும். தொடக்கச் சுரத்தை அவர்தான் கொடுப்பார். மற்ற சபைகளில் இதற்கு, வேண்டிய சுரத்தை ஒலிக்கும் சின்னச் சுருதிக் குழலை ஊதுவார்கள். இவர் கண்ணை மூடி, மெல்ல 'ம்' என்பார். இருபத்திரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு எழும்புவார்கள். இரண்டாம் அடியில் கீபோர்டு வந்து சேரும். சாவி பூட்டுக்குள் போவதுபோலச் சத்தமில்லாமல் பொருந்தும். அந்த ஒரு கணத்துக்காக அவர் வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

பக்கத்துச் சபையின் குழுத் தலைவர் ஒருமுறை சட்டைப் பையிலிருந்து குழலை எடுத்தபோது, "என்ன அண்ணே, கைத்தடி இல்லாம நடக்க வராதோ?" என்று இவர் கேட்டது ஊரெல்லாம் பரவிய கதை. அந்த மனிதர் இன்றும் இவரைப் பார்த்தால் சரியாகச் சிரிப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் முதல் பாட்டுக்கு டீச்சர் கீபோர்டில் கை வைத்ததும் சுருதிப்பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். சபை முழுவதும் எழுந்து பாடும் பாட்டு. இரண்டு கட்டையில் இருக்க வேண்டியது. காதில் விழுந்தது இரண்டரை.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். சபையில் கீபோர்டு அவளுடையது. அந்தக் கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் விரல்கள் அதே கட்டைகளில் ஓட, சத்தம் மட்டும் மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும். எவ்வளவு நகர்ந்தது என்று சின்னத் திரையில் எண் தெரியும்.

'பட்டனில் கை பட்டிருக்கும்' என்று விட்டுவிட்டார். அடுத்த வாரமும் சபைப் பாட்டு அரைக் கட்டை மேலே. அதற்கடுத்த வாரமும். குழு பாடும் பாட்டு மட்டும் எப்போதும்போல அச்சாகப் பொருந்தியது.

இங்கேதான் சந்தேகம் வேர் விட்டது. கை பட்டதென்றால் எல்லாப் பாட்டும் அல்லவா ஏற வேண்டும்? சபைப் பாட்டுக்கு ஏற்றி, குழுப் பாட்டுக்கு இறக்கினால், அது வேண்டுமென்றே செய்வதுதானே?

"எதுக்குங்க ஏத்தணும் அவ?" என்று கேட்டாள் மனைவி.

"அதான் தெரியல. யாருக்கும் எட்டாம கஷ்டப்படட்டும்னு இருக்கலாம். இல்ல, எனக்குக் காது இருக்கான்னு சோதிச்சுப் பாக்கறாளோ என்னமோ."

"அவளுக்கு வேற வேலை இல்ல பாருங்க." மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். வழக்கமாக அவள் இவ்வளவு சீக்கிரம் பேச்சை முடிக்கிறவள் அல்ல. அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

குறித்துக்கொண்டார் என்றால் உண்மையாகவே ஒரு நோட்டில். தேதி, பாட்டு, இருக்க வேண்டிய கட்டை, இருந்த கட்டை. நோட்டு நிரம்ப நிரம்ப டீச்சரின் ஒவ்வொரு அசைவும் கள்ளத்தனமாகத் தெரிந்தது. அவள் தாளைப் புரட்டினால் திரையை மறைக்கிறாள் என்று தோன்றியது. புன்னகைத்தால் மழுப்புகிறாள். அவள் நலம் விசாரித்த அன்று அவருக்கு மத்தியானம்வரை மனசே சரியில்லை.

அதோடு நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை கடையில் வில்லை தேய்க்கும் இயந்திரத்தை ஓடவிட்டார். பழக்கத்தில் பல வாரமாகக் காது கொடுக்காத அதன் ஒலியை அன்று கவனித்தால், அதுவும் ஐந்தரை! முந்தின வாரம்தான் மெக்கானிக் வந்து அதைக் கழற்றி எண்ணெய் போட்டுப் போயிருந்தான். மெக்கானிக் சபைக்காரன்தான், குழுவில் பேஸ் பாடுகிறவன். உடனே போன் போட்டார்.

"தம்பி, மோட்டாரை என்ன பண்ணின? வேகமா ஓடுது."

"அண்ணே, நான் மோட்டாரையே தொடலையே. பெல்ட்டத் தொடச்சேன், எண்ணெய் விட்டேன். அவ்வளவுதான்."

"தொடாமலா அரைக் கட்டை ஏறும்?"

"மெஷின் நல்லா ஓடுதான்னு கேளுங்க, உடனே வந்து பாக்கறேன். அது பாடுதான்னு கேட்டா நான் எங்க போவேன்?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "அது இருக்கட்டும்ணே. என் தொண்டைலதான் ஏதோ கோளாறு. கொஞ்ச நாளா கீழ்ச் சுரம் எட்டவே மாட்டேங்குது. நம்ம பாட்டுல கடைசி வரி வந்தா வெறும் காத்துதான் வருது."

"வயசாகுதுப்பா உனக்கு" என்று சிரித்து வைத்தார் சுருதிப்பெட்டி. சிரித்தாலும் மெக்கானிக்கின் பெயரும் நோட்டில் ஏறியது.

அதே வாரம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு வந்தார். எழுத்தெல்லாம் கலங்குகிறதாம். சுருதிப்பெட்டி அளந்து பார்த்தார். கண் டாக்டர் சீட்டில் இருந்த அளவேதான்.

"போன வருஷத்துச் சீட்டக் குடுத்திருக்கீங்க சார். கண்ணு மாறியிருக்கும். திரும்ப ஒருக்கா சோதிச்சுப் பாருங்களேன்."

"என் கண்ணு எனக்குத் தெரியாதா? நீங்கதான் மாத்தித் தேச்சுட்டீங்க!"

இந்தக் கதையை அவர் சனிக்கிழமைப் பயிற்சியில் தபால்காரரின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அவருடைய மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையும் நோட்டுக்குப் போனது.

ஆதாரம் வேண்டுமே? கீபோர்டின் திரை டீச்சருக்கு மட்டும் தெரியும்படி சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தது. ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தால் பூஜ்யம் நிற்கும். பாட்டு ஓடும்போதே பார்க்க வேண்டும். அவர் போதகரிடம் போய், காணிக்கைப் பையைத் தான் எடுத்துப் போவதாகச் சொன்னார். முப்பது வருடத்தில் முதல்முறை. போதகருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"ஊழியத்துல இன்னும் ஆழமா வரணும்னு தோணுதா?"

"ஆமாங்கையா" என்றார், கண்ணைக் கீபோர்டின் பக்கமே வைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை பையோடு வரிசை வரிசையாக நகர்ந்து, கடைசியில் கீபோர்டுக்குப் பின்னால் சுற்றி வந்தார். சபை பாடிக்கொண்டிருந்தது. காதில் தெளிவாக அரைக் கட்டை மேலே. எட்டிப் பார்த்தார். திரையில் பூஜ்யம்.

பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். "அண்ணா, நான் போட்டாச்சு" என்று டீச்சர் முணுமுணுத்த பிறகுதான் நகர்ந்தார். திரையையே ஏதோ செய்துவிட்டிருக்கிறார்கள் என்று அன்று இரவு நோட்டில் எழுதினார். 'இருக்கிறாள்' என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு, 'இருக்கிறார்கள்' என்று திருத்தினார்.

இந்த நிலையில்தான் கூட்டுப் பாடல் விழா நெருங்கியது. எட்டுச் சபைகளின் குழுக்கள் நகரத்துப் பெரிய ஆலயத்தில் கூடும். அங்கே கீபோர்டு கிடையாது. சுவர் உயரத்துக்குக் குழாய்கள் நிற்கும் பழைய ஆர்கன்தான். இவர்களுடைய பாட்டு ஐந்து கட்டை. முதல் இரண்டு அடி குழு மட்டும் பாட வேண்டும், மூன்றாம் அடியில் அந்த ஆர்கன் சேரும். எட்டுச் சபைக்கும் முன்னால் சுரம் கொடுக்கப்போவது சுருதிப்பெட்டி. ஒரு மாதமாக அந்த நினைவோடுதான் அவர் பல் துலக்குகிறார்.

ஒரு வியாழக்கிழமை மாலை, விழாவுக்காகத் தன் அங்கியைச் சலவைக்கு எடுக்க ஆலயத்துக்குப் போனார். அங்கிகள் தொங்கும் சின்ன அறை. இரண்டு வரிசை வெள்ளைத் துணிக்கு நடுவே அவர் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. டீச்சரும், இவருடைய மகளும்.

"பெரிய கோயில்ல நான் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த ஆர்கன்ல பட்டனே கிடையாது" என்றாள் டீச்சர்.

"அப்ப அப்பா சுரம் குடுத்தா?"

"அத்தன பேரு முன்னாடி அசிங்கமாயிடும். வேற யாராவது குடுக்கறதுதான் நல்லது. மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒரு குழலக் குடுத்துடலாமா?"

"அப்பாகிட்ட யாரு சொல்றதுக்கா?"

"நீதான்."

"ஐயோ, நான் மாட்டேன். அம்மா சொல்லட்டும்."

அவர்கள் போனபிறகும் அவர் அங்கிகளுக்கு நடுவே நின்றார். டீச்சர், மகள், மெக்கானிக், மனைவி. நோட்டில் தனித்தனியாக இருந்த பெயர்கள் ஒரே வரியில் வந்து நின்றுவிட்டன. முப்பது வருடம் கொடுத்த சுரத்தை அவர் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறார்கள். அதுவும் பெற்ற மகள். வீட்டுக்குப் போய் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

சனிக்கிழமை மாலை பயிற்சி. விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. பெரிய ஆலயத்து ஆர்கனுக்குப் பதிலாக அன்று மூன்றாம் அடியில் டீச்சர் சேர வேண்டும். அவர் 'ம்' என்று சுரம் கொடுத்தார். குழு தொடங்கியது. இரண்டு அடி முடிந்து கீபோர்டு சேர்ந்தது. கச்சிதமான பொருத்தம். அவர் பாடிக்கொண்டே டெனர் வரிசையிலிருந்து விலகினார். ஒரு சொல்லையும் விடாமல் பாடியபடி சுவரோரமாக நடந்து, கீபோர்டுக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

திரையில் கழித்தல் குறியும் ஒன்றும்.

"நிறுத்துங்க!"

பாட்டு பாதியில் அறுந்தது.

"டீச்சர், இது என்ன? மைனஸ் ஒண்ணு! எல்லாரும் வந்து பாருங்கப்பா. மூணு மாசமா நான் பைத்தியக்காரன் மாதிரி நோட்டுல எழுதிட்டு இருக்கேன். இப்பப் பிடிச்சேன்."

டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

பேஸ் வரிசையிலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்தான். "மைனஸ்னா மேலயா கீழயாண்ணே?"

"கீழதான்டா. இதுகூடத் தெரியாதா? அரைக் கட்டை கீழ..."

சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது. கீழே. மூன்று மாதமாக அவர் பிடிக்க அலைந்தது ஏற்றியதை. இங்கே இறக்கியிருக்கிறது. அதுவும் அவர் காதுக்குச் சரியாக இருந்த பாட்டில். தப்பாக ஒலித்த சபைப் பாட்டின்போது திரையில் பூஜ்யத்தைத் தன் கண்ணாலேயே பார்த்தாரே?



"பூஜ்யத்துல வை டீச்சர்" என்றார்.

"வேணாம்ணா."

"வைம்மா. வெச்சு அஞ்சு கட்டைய அமுக்கு."

அவள் அமுக்கினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "அஞ்சரை" என்றார்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். கைபேசியைப் பையிலிருந்து எடுத்தவள், அவருக்குக் காட்டாமல் திரும்ப உள்ளே வைத்தாள். "அஞ்சுதான்பா."

டீச்சர் மெதுவாகப் பேசினாள். "எனக்குச் சொல்லிக் குடுத்த பாட்டு மாஸ்டருக்கும் இப்படி ஆச்சுண்ணா. காது டாக்டர்கிட்ட போனோம். செவிடும் இல்ல, வியாதியும் இல்லன்னாரு. கேட்டதும் கட்டை சொல்றவங்கள்ல சில பேருக்கு வயசு ஏறினா எல்லாமே கொஞ்சம் மேல கேக்குமாம். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஏறினாக்கூடத் தெரியப் போறதில்ல. எல்லாம் மேல கேக்கறதால நீங்க சுரம் குடுக்கறப்ப கீழ புடிக்கறீங்க. நீங்க கீழ புடிச்சீங்க, நானும் உங்க கூடவே கீழ வந்தேன். அவ்வளவுதான்."

"எத்தன நாளா?"

"எட்டு மாசம். மொதல்ல எப்பவாவது ஒரு வாரம்தான். மூணு மாசமாத்தான் எப்பவும்."

"இருங்க, இருங்க" என்று மெக்கானிக் முன்னால் வந்தான். "அப்ப எட்டு மாசமா நாம எல்லாரும் அரைக் கட்டை கீழ பாடிட்டு இருக்கோமா? என் தொண்டைல ஒண்ணும் இல்லையா? தினமும் உப்புத் தண்ணி கொப்பளிச்சு நாக்கே செத்துப்போச்சு டீச்சர்! ஒரு வார்த்த என்கிட்ட சொல்லக் கூடாதா?"

யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். சுருதிப்பெட்டி சிரிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில்தான் வாயைத் திறந்தார். "அந்த டம்ளரு. எத்தன தடவ பொய் சொன்ன?"

"எண்ணலப்பா" என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது.

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றாள் மனைவி. "மொதத் தடவ அவ தப்புன்னு சொன்ன அன்னிக்கு நீங்க சாப்பிடல. ஞாபகம் இருக்கா? டம்ளர் கீறல் விட்டிருக்குன்னு வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்தீங்க. கடைசில அதைத் தூக்கியும் போட்டீங்க. நல்ல டம்ளருங்க அது."

அவருக்கு ஞாபகம் இருந்தது.

"இப்ப என்ன ஆயிடுச்சு? ஒரு குழல வாங்கிப் பையில போட்டுக்கோங்க. கண்ணாடி விக்கிற மனுஷனுக்குக் கண்ணாடி போட்டுக்கறதுல என்ன வெக்கம்?"

தபால்காரரின் குரல் அவர் காதில் கேட்டது. அதைத் தான் பேசிக் காட்டிய விதமும், எல்லாரும் விழுந்து சிரித்ததும். அந்த இரவு நோட்டை எடுத்து, பெயர்கள் இருந்த பக்கத்தைக் கிழித்தார். மற்ற பக்கங்களை வைத்துக்கொண்டார். கட்டைகள் எல்லாவற்றிலும் அரை குறைத்துக்கொண்டால் கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

அந்த யோசனைதான் திங்கட்கிழமை அவரைச் சீக்கிரமே கடைக்கு இழுத்துப் போனது. இயந்திரத்தை ஓடவிட்டார். காது ஐந்தரை என்றது. "நீ அஞ்சுதான். மாறினது நான்" என்று அதற்குச் சொன்னார். நிறுத்தினார். தெருமுனைவரை நடந்து, ஹாரன்களையும் கதவுகளையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மனசுக்குள் ஐந்தரை என்று படும் சுரத்தை முனகிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். இயந்திரம் அவர் குரலோடு ஒட்டிக்கொண்டது.

மறுபடி நிறுத்தினார். மறுபடி நடந்தார். சில தடவை ஒட்டவில்லை. வாய் பழைய இடத்துக்கே ஓடியது. ஐம்பது வருடம் ஐந்து என்று நம்பியதை விட்டுவிட்டு, தப்பு என்று தோன்றுவதை வேண்டுமென்றே பாட வேண்டும். செருப்பைக் கால் மாற்றிப் போட்டு நடப்பதுபோல இருந்தது. புதன்கிழமை மெக்கானிக்குக்குப் போன் செய்து, "மோட்டார்ல தப்பு இல்ல தம்பி, மன்னிச்சுக்கோ" என்றார்.

"அதை விடுங்கண்ணே. ஞாயித்துக்கிழம யாரு சுரம்?"

"தெரியல" என்றார். அது உண்மை.

ஞாயிறு மாலை பெரிய ஆலயம் நிறைந்திருந்தது. இவர்கள் முறை வந்ததும் குழு எழுந்து நின்றது. டீச்சர் ஆல்ட்டோ வரிசையில் நின்றாள். அவள் கை இறுக மூடியிருந்தது. உள்ளே குழல் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மெக்கானிக்கின் கையிலும் ஒன்று. மகள் கையிலும் இருந்தால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். மனைவி காலையில் அவருடைய அங்கிப் பைக்குள் போட்ட குழலும் தொடையில் உறுத்தியது.

கண்ணை மூடினார். மனசுக்குள் இயந்திரத்தை ஓடவிட்டார். ஐந்தரை என்று பட்ட இடத்தில் நின்றார். இதுதானா? இப்போது சந்தேகப்பட வேறு யாரும் மிச்சமில்லை. அவர் மட்டும்தான். ஒரு கணம் தயங்கியவர், பைக்குள் கை விட்டுக் குழலை எடுத்து, எட்டுச் சபையும் பார்க்க மெல்ல ஊதினார்.

முன்வரிசையில் பக்கத்துச் சபைத் தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கட்டும், அவர் முறை அது.

குழல் சொன்னதும் மனசில் நின்றதும் ஒன்றாக இருந்தன. குழலைப் பைக்குள் போட்டார். தன் குரலிலேயே 'ம்' என்றார். டீச்சரின் மூடிய கை தளர்ந்து விரிவதைப் பார்த்தார்.

குழு எழும்பியது. முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடி நெருங்கியது. பின்னால் அத்தனை குழாய்களும் ஒன்றாக மூச்சு விட்டன. ஆர்கன் வந்தது, குழுவின் குரலுக்கு அடியில் போய் அமர்ந்தது, உரசவே இல்லை. எல்லாருக்கும் சரியாக இருந்தது. கடைசி வரியில் மெக்கானிக்கின் கீழ்ச் சுரம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல நிறைந்து வந்தது.

அவருக்கு மட்டும் அந்தப் பாட்டு வேறொரு பாட்டாக இருந்தது. சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒவ்வொரு வரியும் தன் இடத்திலிருந்து அரை அடி தள்ளி நின்றது. அடுத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொந்த வீட்டுக்குள் நடக்கிற மாதிரி தடவித் தடவிப் பாடி முடித்தார். ஆமெனில் மட்டும் கொஞ்சம் பழகியதுபோல் இருந்தது.

வெளியே வந்ததும் டீச்சர், "எவ்வளவு பயந்தேன் தெரியுமாண்ணா? இந்த ஆர்கன்ல நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. பட்டனே கிடையாது" என்றாள்.

"தெரியும். மத்தியானமே மேல ஏறிப் பாத்துட்டேன்."

"என்னை நம்பலையா?"

"உன்னையா? நீ எட்டு மாசம் ஏமாத்தினவளாச்சே" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவராகவே டம்ளர்களை மேசையில் அடுக்கித் தண்ணீர் ஊற்றினார். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மகள் ஸ்பூனை எடுக்கவே யோசித்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

"ரெண்டரை."

மகள் கைபேசியைப் பார்த்தாள்.

"தப்பு" என்றாள் மகள்.

அவர் சட்டென்று திரும்பினார். "போனக் காட்டு."

அவள் நீட்டினாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு கட்டை. தப்புதான். பொய் இல்லை.

"சரி, அடுத்ததத் தட்டு" என்று மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டார்.